ஒலிப்புத் தாமதம், குழந்தைகளில்

ஒலிப்புத் தாமதம் என்பது வயதுக்கேற்ற பேச்சொலிகள் குழந்தையின் வாயில் படியாமல் நிற்பது. காக்காவைத் ‘தாத்தா’ என்பதும் ராஜாவை ‘லாஜா’ என்பதும் தமிழ்ப் பிள்ளைகளிடம் சாதாரணம். ஆனால் 3 வயதில் வீட்டாருக்கும் 4 வயதில் அயலாருக்கும் பேச்சு பெரும்பாலும் விளங்கிவிட வேண்டும்.

ஒலிகள் வாயில் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியம், எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலான பிறப்பியலில் வகுத்துள்ளது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றால் எழுத்தாகிறது. க, ங அடிநாவும், ச, ஞ இடைநாவும், ட, ண நுனிநாவும் அண்ணத்தைத் தொடப் பிறக்கும். த, ந பல்லடியில் பிறக்கும். ப, ம இதழ் கூடப் பிறக்கும். ர, ழ இரண்டுக்கும் நுனிநா மேலே வளைந்து அண்ணத்தை வருட வேண்டும். மெய்களை நூல் அடிநாவிலிருந்து தொடங்க, குழந்தையோ இதழில் தொடங்குகிறது: ப, ம முந்தும், க பின்னால் வரும், ர, ற, ழ கடைசியில். ‘காக்கா’ ‘தாத்தா’ ஆகும்போது வல்லினம் வல்லினமாகவே இருக்கிறது. பிறப்பிடம் மட்டும் அடிநாவிலிருந்து பல்லுக்கு நகர்ந்துவிடுகிறது. பேச்சுப் பயிற்றுநர் இன்று குறித்துக்கொள்வதும் இடத்தையும் முயற்சியையும்தான். பிறப்பியலை அவர்களுடைய பாடத்தில் வைப்பது தகும்.

எல்லா ஒலி மாற்றமும் தாமதம் ஆகாது. வட சென்னையின் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் வாழைப்பழம் பெரியவர்கள் வாயிலேயே ‘வாயப்பயம்’தான். ஆகவே இங்கே ழகரம் யகரமாவது ஊர்ப்பேச்சு. அதைக் குறையென எழுதுவது பிழை. வட சென்னையில் நெடுங்காலமாக வாழும் தெலுங்குக் குடும்பங்களின் மொழியில் ழகரமே இல்லை. ஆனாலும் இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதப்படுவதில்லை.

வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாவில் தடவும் வழக்கம் பாட்டிமாரிடம் உண்டு. அது ஒலிப்பைத் திருத்தாது. வசம்பு வாந்தியைக் கிளப்பக்கூடியது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனே ஆகாது.

தாமதம் தெரிந்தால் முதலில் செய்யவேண்டியது கேட்டல் சோதனை. சளி பிடித்து நடுக்காதில் நீர் தங்கினாலும் ஒலிகள் மங்கலாகவே கேட்கும். பயிற்சி முறைக்கு அமெரிக்கரான சார்லஸ் வான் ரைப்பர் 1939இல் வெளியிட்ட நூல் அடித்தளமிட்டது: பிள்ளை முதலில் ஒலியைக் காதால் பிரித்தறிய வேண்டும், பிறகு தனி ஒலி, அசை, சொல், தொடர் என ஏற வேண்டும். ‘கட்டு’, ‘தட்டு’ போன்ற இணைச்சொற்களின் படங்களைக் காட்டி விளையாடுவது தமிழுக்குப் பொருந்தும். வீட்டில் “சரியா சொல்லு” என்று அதட்டினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். “ஆமா கண்ணு, காக்கா வந்துச்சு, காக்கா பறந்துடுச்சு” என்று சரியான ஒலியைத் திரும்பத் திரும்பக் காதில் விழச்செய்வதே பலன் தரும்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் வளர்ச்சித் தாமதங்கள் பரிசோதிக்கப்படுகின்றன. வட சென்னையினருக்கு அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனை ஸ்டான்லி.