அமேசிங் ஃபேன்டசி 15

அமேசிங் ஃபேன்டசி 15 என்பது மார்வெல் காமிக்ஸ் நிறுவனம் 1962 ஆகஸ்ட் மாதத் தேதியிட்டு, 12 சென்ட் விலையில் நியூயார்க்கிலிருந்து வெளியிட்ட காமிக்ஸ் தொகுப்பிதழாகும்; ஸ்பைடர்மேன் இதிலுள்ள 11 பக்கச் சிறுகதையில்தான் அறிமுகமானார். தொகுப்பிதழ் என்பது, ஒன்றோடொன்று தொடர்பற்ற பல சிறுகதைகளை ஒரே அட்டைக்குள் தரும் இதழ். சூப்பர் ஹீரோக்களில் மூத்தவர்களான சூப்பர்மேன் 1938இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழிலும், பேட்மேன் 1939இல் டிடெக்டிவ் காமிக்ஸ் 27ஆம் இதழிலும், இவ்வாறே பிற கதைகளுக்கு நடுவில் சில பக்கங்களில் பிறந்தவர்கள்.

1961இல் அமேசிங் அட்வென்சர்ஸ் என்ற பெயரில் தொடங்கிய இவ்விதழ், 7ஆம் இதழ் முதல் அமேசிங் அடல்ட் ஃபேன்டசி எனப் பெயர் மாறி, ஸ்டான் லீ எழுத, ஸ்டீவ் டிட்கோ வரைந்த விந்தைக் கதைகளை மட்டுமே தாங்கி வந்தது. சில பக்கங்களே நீளும் அக்கதைகள், வாசகர் எதிர்பாராத திருப்பம் ஒன்றைக் கடைசிக் கட்டங்களில் வைத்து முடிபவை. விற்பனை குறைந்து இதழை நிறுத்தும் நிலை வந்தபோது, எப்படியும் நின்றுபோகும் இதழ் என்பதாலேயே, பதிப்பாளர் மார்ட்டின் குட்மேன் விரும்பாத சிலந்தி நாயகனுக்கு இடம் கிடைத்ததாக லீ பிற்காலத்தில் கூறியுள்ளார்.

கதையின் அமைப்பு அந்த விந்தைக் கதைகளுக்கே கடன்பட்டது எனலாம். கதிரியக்கம் பாய்ந்த சிலந்தி கடித்ததால் ஆற்றல் பெறும் பள்ளி மாணவன் பீட்டர் பார்க்கர், முதலில் மல்யுத்த மேடையில் பணமும் தொலைக்காட்சியில் புகழும் தேடுகிறான். காவலரிடமிருந்து தப்பியோடும் திருடனைத் தடுப்பது தன் வேலையன்று என விட்டுவிடுகிறான். வளர்த்த பென் மாமா கொல்லப்பட்டபின், கொலையாளியைக் கிடங்கு ஒன்றில் மடக்கி முகத்தைப் பார்க்கும்போதுதான், தான் தப்பவிட்ட அதே திருடன் அவன் எனத் தெரிகிறது. வேடிக்கைக்குரிய அதிர்ச்சியாக இருந்த கடைசித் திருப்பம் இங்கே நாயகனின் குற்றவுணர்வாக மாறியதே இக்கதையின் பெருஞ்சாதனை. 11 பக்க நெருக்கடி இல்லாதிருந்தால் தவறும் தண்டனையும் இத்தனை அருகருகே நின்றிருக்க வாய்ப்பில்லை. ஆற்றலுக்கு ஏற்ற பொறுப்பும் உண்டு என்ற புகழ்பெற்ற கருத்தைப் பென் மாமா இதில் கூறுவதே இல்லை; இருளில் நடந்து மறையும் பீட்டரைக் காட்டும் கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் குரலாகவே அது வருகிறது.

இக்கதைக்கு முதலில் ஜாக் கிர்பி வரைந்த பக்கங்களில் நாயகன் மிடுக்கு மிகுந்தவனாகத் தோன்றியதால், லீ அப்பணியை டிட்கோவிடம் மாற்றினார். டிட்கோவோ ஒல்லியான உடலையும், முகம் முழுவதையும் மூடி அணிந்தவனின் வயதை மறைக்கும் முகமூடியையும் தந்தார். அட்டைப்படம் மட்டும் கிர்பி வரைந்து டிட்கோ மைதீட்டியது.

இதழ் நன்கு விற்றதால் 1963 மார்ச் தேதியிட்டு ஸ்பைடர்மேனுக்குத் தனி இதழ் தொடங்கியது. தமிழில் லயன் காமிக்ஸ் வழியே புகழ்பெற்ற ஸ்பைடர், பிரிட்டனின் லயன் வார இதழில் 1965இல் தோன்றிய வேறொரு பாத்திரம். இருவரையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. நன்கு பாதுகாக்கப்பட்ட 15ஆம் இதழ்ப் பிரதியொன்று 2021இல் 36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. டிட்கோவின் மூல ஓவியப் பக்கங்கள் 24ஐயும் பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் 2008இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு அளித்தார்; அதே இதழில் வந்து மறக்கப்பட்ட மற்ற மூன்று கதைகளின் பக்கங்களும் அவற்றுள் அடங்கும்.