ஃபாரிஸ் விளைவு: பெயருக்கு முந்தைய வரலாறு

செறிந்த தொங்கல்களைப் பற்றிய பாய்வியல் பாடங்களில் ‘ஃபாரிஸ் விளைவு’ என்னும் தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. ஒரே அளவுள்ள துகள்களுக்கு மாற்றாகப் பெரியனவும் சிறியனவும் கலந்து இட்டால், திண்மத்தின் மொத்தக் கன அளவு மாறாதபோதும் பாகுநிலை பெரிதும் குறையும் என்பதே அது. 1968இல் ஆர். ஜே. ஃபாரிஸ் வெளியிட்ட கட்டுரையோடு இவ்வறிவு பிறந்ததாகக் கொள்வது பொருந்தாது. அதன் வேர்கள் பழமையானவை; பாய்வியலுக்கு வெளியே ஊன்றியவை.

ஐன்ஸ்டைனின் 1906ஆம் ஆண்டுக் கட்டுரை நீர்த்த தொங்கல்களைப் பற்றியது. பாகுநிலையின் உயர்வு துகள்களின் மொத்தக் கன அளவுப் பங்கை மட்டுமே சார்ந்தது என்பது அதன் முடிவு. 1911இல் அவர் கெழுவை 2.5 எனத் திருத்தினார். துகளின் ஆரம் அச்சமன்பாட்டில் இல்லை. ஆகவே அங்கிருந்து தொடங்குவோர்க்கு அளவுக்கலப்பு ஒரு வினாவாகவே எழாது.

அவ்வினா கட்டுமானத் துறையில் எழுந்தது. பிரான்சில் ஃபெரே 1892இல் சாந்தின் நெருக்கத்தை ஆராய்ந்தார். அமெரிக்காவில் ஃபுல்லரும் தாம்சனும் 1907இல் கான்கிரீட்டுக்குரிய சல்லி, மணல் விகிதங்களை வகுத்தனர். ஃபர்னஸ் 1931இல் அதற்குக் கணித வடிவம் தந்தார். இவர்கள் தேடியது பாய்வை அன்று. வெற்றிடம் குறைந்த பொதிவை. ஒரே அளவுக் கோளங்கள் ஒழுங்கின்றி நெருங்கினால் ஏறத்தாழ 64 விழுக்காட்டு இடத்தை நிரப்பும். எஞ்சிய 36 விழுக்காட்டில் மிக நுண்ணிய கோளங்கள் அதே விகிதத்தில் புகுந்தால் மொத்தம் 87 விழுக்காட்டை எட்டும்.

பொதிவையும் பாய்வையும் இணைத்தோருள் ராஸ்கோ குறிப்பிடத்தக்கவர். 1952இல் அவர் ஒரே அளவுத் துகள்களுக்கு ஒன்றும், பலவகை அளவுகளுக்கு மற்றொன்றுமாக இரு சமன்பாடுகளைத் தந்தார். ஃபாரிஸின் தனிப்பங்களிப்பு இதற்கு அடுத்த படி. பெருந்துகளின் நோக்கில், தன்னைவிட மிகச் சிறிய துகள்கள் கலந்த நீர்மம் சற்றுத் தடித்த நீர்மமே. எனவே இரு வகையின் விளைவுகளையும் தனித்தனியே கணித்துப் பெருக்கினால் போதும்.

இதனை மேரன்–பியர்ஸ் சமன்பாட்டைக் கொண்டு சோதிக்கலாம். திண்மம் 60 விழுக்காடு, பொதிவு எல்லை 64 விழுக்காடு எனில், ஒரே அளவுத் துகள்கள் நீர்மத்தின் பாகுநிலையை 256 மடங்காக்கும். அதே திண்மத்தில் ஏறத்தாழ 61 பங்கு பெருந்துகளும் 39 பங்கு நுண்துகளும் இருப்பின் அது 30 மடங்களவில் நிற்கும்.

இந்த வேறுபாட்டின் பயனைத் திண்ம ஏவூர்தி எரிபொருளில் காணலாம். அம்மோனியம் பெர்குளோரேட்டைப் பருமணியும் நுண்மணியுமாகக் கலப்பதால்தான், திண்மம் மிகுந்த அக்கலவை அச்சில் வார்க்கத்தக்கதாகிறது. பிஎஸ்எல்வியின் முதல் கட்டம் இத்தகைய கூட்டு எரிபொருளை ஏறத்தாழ 139 டன் சுமக்கிறது.

ஃபாரிஸின் பெயரை நீக்கவேண்டும் என்பது என் வாதமன்று. அவருக்குரியது கணக்கிடும் முறை. நிகழ்வு முழுவதும் அன்று. சாந்து குழைத்தோரின் அறிவை முன்வரலாறாகக்கூடக் குறிப்பிடாத மேற்கோள் பழக்கம், கோட்பாட்டிலிருந்தே தொழில்நுட்பம் பிறக்கிறது என்னும் பிழையான பாடத்தை நம் மாணவர்க்குப் புகட்டுகிறது. இங்கு நிகழ்ந்தது அதன் மறுதலை.