நங்கூரம் போட அனுமதி

போன வருஷம் லீவுல பத்து நாள் படகுலயே குடித்தனம் நடத்தினேன். பொட்டி தட்டுறவனுக்கு ஏதுய்யா படகுன்னு கேட்காதீங்க... ஆக்லாந்து ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற நண்பரோட பாய்மரப் படகு அது. ஃபிஜியில லௌடோக்கா துறைமுகத்திலிருந்து யசாவா தீவுகளுக்குப் போனோம். சமையல், தூக்கம் எல்லாம் படகுலதான். முதல் ரெண்டு நாள் வாந்தி, மூணாம் நாள் பழகிருச்சு :-)

கிளம்புறதுக்கு முன்னாடி லௌடோக்கா மார்க்கெட்ல அரைக் கிலோ யங்கோனா வேர் வாங்கினோம். கடைக்காரப் பெரியவருக்கு நம்ம ஊர் முகம், பேச்சு மட்டும் ஃபிஜி இந்தி. தாத்தாவோட அப்பா மெட்ராஸ்ல கப்பல் ஏறினவராம். நாலு தலைமுறையா கரும்பு போட்ட நிலத்துக்குக் குத்தகை முடிஞ்சு, புதுப்பிக்காம போச்சுன்னு சொல்லிக்கிட்டே எடை போட்டார். அப்போ எனக்கு அது உறைக்கலை.

கிராமத்துக்கு எதிர்ல நங்கூரம் போட்டதும் தண்ணியில குதிக்கப் போனேன். நண்பர் தடுத்துட்டார். கரையை ஒட்டின கடல்ல மீன்பிடி உரிமை அந்த ஊர்க்காரங்களோடது. முதல்ல 'செவுசெவு' முடியணும். இடுப்புல சுலு (நம்ம கைலி மாதிரி), தலையில தொப்பி கூடாது. ஊர்த் தலைவர் முன்னாடி பாயில சம்மணம் போட்டு உட்கார்ந்து வேர்க்கட்டை வெச்சோம். ஏத்துக்கிட்டதும், வேர்ப் பொடியைத் தண்ணியில கரைச்சுக் கொட்டாங்கச்சியில தந்தாங்க. ஒரு தடவை கைதட்டி, ஒரே மடக்குல குடிச்சுட்டு, மூணு தடவை தட்டணும். சேத்துத் தண்ணி ருசி, நாக்கு மரத்துப் போச்சு. அதுக்கப்புறம் நாங்க ஊர் விருந்தாளிங்க. எங்கே வேணும்னாலும் நீந்தலாம்.

இந்த ஊரும் இந்த முறையும் எப்படித் தப்பிச்சுது? 1874 அக்டோபர் 10-ல ஃபிஜி பிரிட்டிஷார் கைக்குப் போனது. அடுத்த வருஷமே தட்டம்மை வந்து சுமார் 40,000 ஃபிஜியர்கள் செத்தாங்க. அந்த வருஷம் வந்த கவர்னர் ஆர்தர் கார்டன், ஃபிஜியர்களோட நிலத்தை விற்கிறதைத் தடுத்தார். அவங்களைத் தோட்டக் கூலிகளாக்கி ஊர்களைக் கலைக்கவும் விடலை. இன்னிக்கும் நாட்டு நிலத்துல 80 சதவீதத்துக்கு மேல 'மதங்காலி'ங்கிற குலங்களோட பொதுச் சொத்து. குத்தகைக்கு விடலாம், விற்க முடியாது.

நல்ல மனுஷன்தானே? ஆனா கஜானா நிரம்பணும். அதுக்குக் கரும்பு, கரும்புக்கு ஆள். மொரீசியஸ்லயும் டிரினிடாட்லயும் கவர்னரா இருந்து இந்தியக் கூலி முறையைப் பார்த்தவர் அவர். 1879 மே 14-ல 'லியோனிடாஸ்' கப்பல் வந்து சேர்ந்தது. 1916 வரை 60,000-க்கும் மேல இந்தியர்கள் வந்தாங்க. 1903-லேர்ந்து மெட்ராஸ்ல இருந்தும் ஆள் ஏத்தினாங்க. அஞ்சு வருஷ ஒப்பந்தம், 'அக்ரிமென்ட்' அவங்க வாயில 'கிர்மிட்' ஆச்சு. ஒப்பந்தம் முடிஞ்சவங்கள்ல பலர் குத்தகை நிலத்துல கரும்பு போட்டாங்க. 1976 சட்டம் குத்தகைக்கு 30 வருஷம்னு வெச்சது. 1997-லேர்ந்து குத்தகைகள் வரிசையா முடிய ஆரம்பிச்சுது, நிறைய குடும்பங்கள் வெளியேறின.

யார் மேல தப்பு? அந்தத் தடை இல்லேன்னா, எனக்குக் கொட்டாங்கச்சி நீட்டின ஊரே இருந்திருக்காது. நிலத்தைக் காப்பாத்தினவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா அந்த ஊர் கலையாம இருக்கிறதுக்கு விலை கொடுத்ததுல மார்க்கெட் பெரியவரோட பூட்டனும் ஒருத்தர்.

அன்னிக்கு ராத்திரி படகு மேல்தட்டுல படுத்திருந்தேன். கரையில பாட்டுச் சத்தம். அரைக் கிலோ வேர் கொடுத்த எனக்கு ஒரே சாயங்காலத்துல ஊர்ல இடம் கிடைச்சுது. அதை எடை போட்டுக் கொடுத்தவருக்கு நாலு தலைமுறை போதலை. ரொம்ப நேரம் தூக்கமே வரலை.