பாதி பழுதான சிப்பும் இரண்டே நிறமும்: ஸ்பெக்ட்ரம் பற்றி ஒரு குறிப்பு

1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் வந்தபோது 16கே மாடல் 125 பவுண்டு, 48கே மாடல் 175 பவுண்டு. அன்றைக்கு பிபிசி மைக்ரோவின் பி மாடல் 399 பவுண்டு. அதில் பாதி விலைகூட இல்லை. எதை விட்டுக்கொடுத்து இந்த விலைக்கு வந்தார்கள்? நிறையப் பேர் ரப்பர் கீபோர்டை நக்கல் அடிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விஷயம் மூடியைத் திறந்தால்தான் இருக்கிறது.

முதலில் மெமரி. 48கே மாடலின் மேல் 32கே-வுக்கு அவர்கள் போட்டது, ஒரு பாதி பழுதான 64 கிலோபிட் சிப்கள். நல்ல பாதியை மட்டும் பயன்படுத்திக்கொண்டார்கள். அடிபட்ட மாம்பழத்தை மலிவாக வாங்கி நல்ல பக்கத்தை அரிந்து எடுக்கிற வேலைதான்! இதை மட்டம்னு சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாங்கினவருக்கு அந்த 32கே முழுசாகவே வேலை செய்தது.

அடுத்தது எல்லாரும் திட்டுகிற நிறப் பிரச்சினை. திரை 256-க்கு 192 புள்ளி. ஆனா 8-க்கு 8 கட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டே நிறம்தான். பச்சை மரத்துக்கு முன்னால் மஞ்சள் வீரன் நடந்தால், மரத்தின் ஒரு துண்டும் மஞ்சளாகிவிடும். 1984-ல் வந்த நைட் லோர் விளையாட்டு, ஆடுகளம் முழுவதையும் ஒரே நிறத்தில் வரைந்து இந்தத் தொல்லையிலிருந்து தப்பித்தது.

ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. புள்ளிகளுக்கு 6144 பைட், நிறங்களுக்கு 768 பைட், மொத்தம் 6912. புள்ளிக்குப் புள்ளி 16 நிறம் வேணும்னா 24,576 பைட் ஆகும். 16கே மாடலில் அது அடங்கவே அடங்காது. பிபிசி மைக்ரோவில் நிறம் அதிகமான மோடுக்கு 20கே போய்விடும். அதில் இருந்ததே 32கே.

வேகத்தையும் சேர்த்துப் பார்க்கணும். 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்80 ப்ராசசர், அதன் பிளாக் காப்பி கட்டளையில் ஒரு பைட்டை நகர்த்த 21 துடிப்பு எடுக்கும். 6912 பைட்டுக்குக் குறைந்தது 0.04 விநாடி. 24,576-க்கு 0.15 விநாடி. அந்த வேகத்தில் ஆக்‌ஷன் விளையாட்டு என்னத்துக்கு ஆகும்? எனவே நிறக் கட்டத்தைக் கஞ்சத்தனம்னு மட்டும் சொல்வது சரியில்லை. விளையாட்டுகள் ஓடினதே அதனால்தான் என்பது என் கட்சி.

உண்மையான அநியாயம் வேறே இடத்தில். யுஎல்ஏ என்ற சிப் திரையை வரைவதற்காகக் கீழ் 16கே ரேமை அடிக்கடி படிக்கும். அப்போது ப்ராசசரும் அங்கே போனால் காத்து நிற்க வேண்டியதுதான். 48கே வைத்திருந்தவர் வேகமாக ஓட வேண்டிய நிரலை மேலே கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம். 16கே-காரருக்கு மேலேன்னு ஒன்று கிடையாது. 50 பவுண்டு மிச்சம் பிடித்தவர் இடத்தோடு சேர்த்து வேகத்தையும் இழந்தார்.

ஒலிக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். தனிச் சிப் இல்லை. ஒரே ஒரு பிட்டை ப்ராசசரே மாற்றி மாற்றி அமுக்கி ஸ்பீக்கரைக் கத்த வைக்கணும். பேசிக்கில் பீப் கொடுத்தால் அது முடிகிற வரைக்கும் நிரல் அப்படியே நிற்கும். பிரிட்டனில் 1986-ல் வந்த 128கே மாடலில்தான் மூன்று சேனல் ஒலிச் சிப்பைச் சேர்த்தார்கள்.