கடுக்காயும் கட்டங்களும்

குறுக்கெழுத்துப் புதிரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1913 டிசம்பர் 21ஆம் நாளிலிருந்து தொடங்குவர். 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவக் கட்டங்களில் அமைத்த முதல் புதிர் வெளிவந்த நாள் அது. அந்தப் புதிரிலேயே, 'கோமுத்தி' என்னும் பனையினத்து மரத்தின் நாருக்கு என்ன பெயர் என்றொரு வினா இருந்தது. அகராதியைப் புரட்டாமல் அதற்கு விடை சொல்லக் கூடியவர் இன்று மிகச் சிலரே இருப்பர். மரமும் நாரும் கனியும் புழக்கத்திலிருந்து நழுவிய பின்பும் அவற்றின் பெயர்கள் கட்டங்களுக்குள் தங்கிவிடுகின்றன. நம் ஊர்ப்பக்கத்திலும் இது நிகழ்ந்துகொண்டிருக்கிறது என்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

கட்டப்புதிர் மேற்கிலிருந்து வந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் அதை அவிழ்க்கும் மனப்பயிற்சி தமிழருக்குப் புதிதன்று. விடுகதையைத் தொல்காப்பியம் 'பிசி' என்று பெயரிட்டுச் செய்யுளியலில் வகைப்படுத்துகிறது. தண்டியலங்காரத்தின் சொல்லணியியலில் மிறைக்கவிகள் இடம்பெறுகின்றன. பல சிறு வினாக்களின் விடைகளைச் சேர்த்தால் இறுதி வினாவின் விடை கிடைப்பது வினாவுத்தரம். ஒரு சொல்லிலிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்க வேறுவேறு பொருள் தருவது அக்கரச்சுதகம். சேர்க்கச் சேர்க்கப் பொருள் மாறுவது எழுத்து வருத்தனம். அறுபத்து நான்கு கட்டங்களில் எழுதி எத்திசையிலும் படிக்கத்தக்கது சருப்பதோபத்திரம். இன்றைய புதிர்க்காரர் கையாளும் உத்திகளில் பாதிக்கு மேல் இவற்றுள் அடங்கிவிடும்.

இந்த மரபில் பழங்களுக்குத் தனி இடம் உண்டு. காளமேகம் பாம்புக்கும் எலுமிச்சைக்கும் சிலேடை பாடினார். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் பாடினார். சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று நாவல் மரத்தின் மேலிருந்த சிறுவன் கேட்டு ஔவையைத் திகைக்க வைத்த கதையை அறியாதார் இல்லை. மண் ஒட்டிய பழத்தை எடுத்து ஊதித் தின்ற அனுபவம் இருந்தால்தான் அந்தச் சிலேடை விளங்கும். சந்தையில் நெகிழிப் பெட்டியில் வாங்கிய நாவற்பழத்தை யாரும் ஊதுவதில்லை. பழம் இருக்கிறது, புதிர் போய்விட்டது.

அச்சு ஊடகம் புதிரை வேறொரு திசையில் இழுத்துச் சென்றது. 1930களில் எஸ்.எஸ். வாசனின் ஆனந்த விகடன் முதலிய இதழ்களில் குறுக்கெழுத்துப் போட்டிகள் பரிசுத் தொகையோடு வந்தன. பரிசு பெருகப் பெருக, சொல்லறிவைவிட அதிர்ஷ்டத்தை நம்பியவர்களே மிகுந்தனர். இரண்டு சொற்கள் சமமாகப் பொருந்தும் இடத்தில் அமைப்பாளர் எதை எண்ணினாரோ அதுவே 'சரியான' விடை என்றானபோது, அது சூதாட்டத்தின் எல்லையைத் தொட்டது. 1955இல் மத்திய அரசு பரிசுப் போட்டிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு மாதத்தில் தரும் மொத்தப் பரிசு ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது, ஒரு போட்டிக்கு இரண்டாயிரம் விடைத்தாள்களுக்கு மேல் ஏற்கக் கூடாது, உரிமம் பெற வேண்டும் என்பன அதன் விதிகள். பெங்களூரிலிருந்து வெளிவந்த 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' வார இதழில் குறுக்கெழுத்துப் போட்டி நடத்திய ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா உச்ச நீதிமன்றம் சென்றார். 1957 ஏப்ரல் 9இல் வந்த தீர்ப்பு, இச்சட்டம் சூதின் தன்மையுள்ள போட்டிகளையே கட்டுப்படுத்தும், திறனால் வெல்வனவற்றைத் தொடாது என்று வரையறுத்தது. சொல்லறிவும் சூதும் வேறு என்பதற்கு நீதிமன்றமே எல்லைக்கோடு வரைந்த நிகழ்ச்சி இது.

பரிசு போன பின்பும் புதிர் போகவில்லை. 1971 முதல் 'தி இந்து' நாளிதழுக்குப் புதிர் அமைத்தவர்களுள் ஒருவர், செங்கற்பட்டில் பிறந்து இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாக உயர்ந்த ராம் தாஸ் கட்டாரி. சேலம் வண்டிக்கும் பெங்களூர் வண்டிக்கும் காத்திருக்கும் ஆசிரியர்கள் சிலர் ஒரே நாளிதழைச் சூழ்ந்து நிற்பது ஜோலார்பேட்டைச் சந்திப்பில் பழகிய காட்சி. 1864இல் பெங்களூருக்குக் கிளைப்பாதை பிரிந்த நாள் முதலே இது காத்திருப்போரின் ஊர். நாமும் அவ்வாறு நின்றவர்களே. ஆங்கிலப் புதிரில் தொடங்கிய நாம், பின்னர் தமிழில் நாமே கட்டம் வரைந்துகொள்ளும் நிலைக்கு வந்தோம்.

தமிழ்க் கட்டத்தின் இலக்கணம் வேறு என்பது அப்போதுதான் விளங்கிற்று. 'கடுக்காய்' என்ற ஐந்தெழுத்துச் சொல்லை இடமிருந்து வலமாக நிரப்புவதாகக் கொள்வோம். மூன்றாம் கட்டத்தில் 'க்' நிற்கிறது. மேலிருந்து கீழாக வரும் சொல் அங்கே தொடங்க முடியாது, ஏனெனில் மெய்யெழுத்து மொழிக்கு முதலாகாது. அங்கே முடியவும் இயலாது, ஏனெனில் வல்லின மெய் மொழிக்கு இறுதியாகாது. ஆகவே 'எருக்கு' போல நடுவில் 'க்' உடைய சொல் ஒன்றே அதைக் கடந்து செல்லும். வகுப்பில் நூற்பாவாக மனப்பாடம் செய்யப்படும் மொழிமுதல், மொழியிறுதி விதிகள் கட்டத்தில் கைப்பழக்கமாகிவிடுகின்றன.

அந்தக் கட்டத்துக்கு நாம் எழுதிய குறிப்பு இது: 'கொடுத்தால் ஏமாற்றம், ஊறினால் தோல் (5)'. கடுக்காய் கொடுத்தல் என்ற வழக்கை மாணவர்கள் உடனே பிடித்துவிட்டனர். குறிப்பின் பின்பாதி அவர்களுக்குப் புதிராகவே நின்றது. ஆம்பூரும் வாணியம்பாடியும் கூப்பிடு தூரத்தில் உள்ள ஊரில், தோல் வேலைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள்.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. இப்பகுதியின் பழைய பதனிடும் முறையில் தோல் முதலில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறும். பின்னர் கடுக்காய்ச் சாறு அதற்கு நிறமும் மென்மையும் தரும். கடுக்காய் ஜவ்வாது மலையிலும் கிடைத்தது. பிறகு தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டை ஆவாரையின் இடத்தைப் பெரிதும் பிடித்தது. 1903இல் ஆல்பிரட் சாட்டர்ட்டன் சென்னையில் குரோம் பதனிடலைச் சோதித்தார். 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின் குரோம் முறை பரவலாயிற்று. அதன் கழிவு பாலாற்றங்கரை நிலத்தையும் நீரையும் என்ன செய்தது என்பதை வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. பழைய முறையும் நீரைக் கெடுக்காமல் விட்டதில்லை. ஆயினும் அதில் மலைக்கும் ஊருக்கும் ஒரு பழத்தின் வழியாகத் தொடர்பு இருந்தது. இன்று கடுக்காய் நாட்டு மருந்துக் கடையின் டப்பாவில் இருக்கிறது. திரிபலாவில் நெல்லியோடும் தான்றியோடும் பொடியாகிவிட்டது.

இலந்தையும் அப்படியே. மாணவர்களுக்கு இலந்தை வடை தெரியும், முள்ளில் கை கீறிப் பறித்த இலந்தை தெரியாது. விளா, களா, காரை, சூரை, கொடுக்காப்புளி என்று நாம் கட்டங்களை நிரப்பிய நாள்களில், அதிகம் விடை சொன்னவர் முதுகலை படித்த எவருமல்லர்; ஏலகிரி அடிவாரத்தில் ஆடு மேய்த்து வளர்ந்த அலுவலக உதவியாளர்தாம். சூரைக்கும் இலந்தைக்கும் முள்ளில் என்ன வேறுபாடு என்பதை அவர் விரல்களால் காட்டினார். அகராதி இரண்டையும் 'ஒருவகை முட்செடி' என்று முடித்துவிடும்.

கூடி அவிழ்க்கும் புதிரின் பயன் இதில்தான் இருக்கிறது. ஒருவரிடம் இலக்கணம், ஒருவரிடம் வழக்கு, ஒருவரிடம் காடு. மூன்றும் ஒரு மேசையைச் சுற்றி அமரும் வரைதான் அந்தச் சொல்லுக்கு உயிர். மலையடிவாரம் அறிந்தவர்கள் ஓய்வு பெற்றுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இன்னும் சில கட்டங்களை வரைந்துகொள்வது நல்லது.