பைக்குள் இருந்த வெற்றுக் கல்

போன எபிசோடில் வைக்கிங்குகளைப் பற்றிப் பேசும்போது, ரூன் எழுத்துகளை ஒரே வரியில் கடந்து போயிட்டேன். "அதை வைத்துக் குறி பார்க்கிறார்களே, அது உண்மையிலேயே பழைய வழக்கமா?" என்று சிலர் கேட்டிருந்தீங்க. இந்தக் கேள்வியில் எனக்கும் ஒரு சொந்தக் கணக்கு உண்டு.

அப்பா இறந்த வருஷம், நண்பர் ஒருவர் ஒரு துணிப்பை கொடுத்தார். உள்ளே 25 சின்னக் கற்கள். 24-ல் ஆளுக்கொரு எழுத்து, ஒன்றில் எதுவுமே இல்லை. தினமும் காலையில் கண்ணை மூடி ஒரு கல் எடுப்பேன். கூட வந்த புத்தகத்தில் பலன் பார்ப்பேன். பலன் பிடிக்கலைன்னா இன்னொரு கல் எடுப்பேன். வெற்றுக் கல் வந்தால் மட்டும் வயிற்றைப் பிசையும். "வைக்கிங் ஞானம்" என்று பெட்டியில் போட்டிருந்தது.

முதலில் எழுத்தைப் பார்ப்போம். ரூன் என்பது ஜெர்மானிய மொழிகளை எழுதப் பயன்பட்ட எழுத்துமுறை. டென்மார்க்கின் விமோஸ் சதுப்பு நிலத்தில் கிடைத்த, கி.பி. 160 வாக்கிலான ஒரு சீப்பில் ரூன்கள் இருக்கு. அந்தப் பழைய வரிசையில்தான் 24 எழுத்துகள். வைக்கிங் காலத்துக்குள் அது 16 ஆகச் சுருங்கிவிட்டது. ஆக, என் பையில் இருந்தது வைக்கிங்குகளின் வரிசையே இல்லை.

சரி, குறி? கி.பி. 98-ல் ரோமானிய எழுத்தாளர் டாசிட்டஸ் ஜெர்மானியர்களின் வழக்கம் ஒன்றைச் சொல்கிறார். காய்க்கும் மரத்தின் கிளையை வெட்டித் துண்டாக்கி, அடையாளங்கள் போட்டு, வெள்ளைத் துணிமேல் வீசுவார்கள். ஊர்க் காரியம் என்றால் பூசாரி, வீட்டுக் காரியம் என்றால் குடும்பத் தலைவர், வானத்தைப் பார்த்தபடி மூன்று துண்டுகளை எடுப்பார். சாதகமாக வரவில்லையென்றால் அன்றைக்கு அதே விஷயத்தை மறுபடி கேட்கக்கூடாது! நான் செய்தது அந்தக் கணக்கிலும் தப்பு. ஆனா அந்த அடையாளங்கள் ரூன்கள்தான் என்று டாசிட்டஸ் சொல்லவே இல்லை.

மந்திரம் இருந்தது, அதை மறுக்க முடியாது. ஐஸ்லாந்தின் எகில் சாகாவில் ஒரு பெண் நோயில் கிடக்கிறாள். அவள் மனதைக் கவர ஒரு பையன் திமிங்கில எலும்பில் ரூன்களைத் தப்பாகச் செதுக்கிப் படுக்கைக்கு அடியில் வைத்திருக்கிறான். எகில் அதைச் சுரண்டி எரித்துவிட்டு, வேறு ரூன்களைச் செதுக்கித் தலையணைக்கு அடியில் வைக்க, அவள் தேறுகிறாள். ஆனால் இது செதுக்குகிற மந்திரம். பையிலிருந்து எடுத்துப் பலன் பார்க்கிற முறை இல்லை.

அந்த முறைக்கான பாதை 20-ம் நூற்றாண்டில்தான் தெளிவாகத் தெரியுது. 1902-ல் கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பார்வையில்லாமல் இருந்த மாதங்களில், தனக்கு 18 ரூன்களின் ரகசியம் வெளிப்பட்டதாகச் சொன்னார் வியன்னாவைச் சேர்ந்த கீடோ ஃபான் லிஸ்ட். 1908-ல் அதைப் புத்தகமாக்கினார். அவருடைய ஜெர்மானிய இனப்பெருமை பிறகு எங்கே போய் நின்றது என்பதற்கு, ஹிட்லரின் எஸ்எஸ் படையின் சட்டைக் காலரில் இருந்த இரட்டை ரூனே சாட்சி. பையோடு புத்தகம் என்கிற வடிவத்தைப் பிரபலமாக்கியவர் அமெரிக்கரான ரால்ஃப் பிளம், 1982-ல். வெற்றுக் கல் அவர் புத்தகத்தின் வழியாகப் பரவியதுதான். பழைய ரூன் வரிசை எதிலும் அது கிடையாது. அதைப் பார்த்தா நான் அவ்வளவு பயந்தேன்!

அப்போ இது ஏமாற்றா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தினமும் பத்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்து யோசிக்க அந்தக் கற்கள் எனக்கு உதவின. அந்த உதவிக்குப் பழமை தேவையில்லை. பழமை என்று சொல்லி விற்பதுதான் பிரச்சினை, ஏன்னா அந்த வார்த்தையை நம்பித்தான் நான் பயந்தேன்.

தேடும்போது இன்னொன்றும் கிடைத்தது. ஸ்வீடனில் ஆயிரக்கணக்கான ரூன் கற்கள் நிற்கின்றன, பெரும்பாலும் 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் திரும்பத் திரும்ப வருவது ஒரே விஷயம்தான்: இன்னார், தன் தகப்பனாரின் நினைவாக இந்தக் கல்லை நிறுத்தினார். எதிர்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைப் படித்த அன்றைக்குப் பையைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டு, அப்பாவின் பெயரை ஒரு தாளில் எழுதினேன். தமிழில்தான்.