துளைக்கு முந்திய குழி

1

சித்ரா பௌர்ணமி அன்று காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் எங்கள் ஐயங்கார்குளத்துக்கு வருவார். அதற்கு முன்பே நடவாவிக் கிணற்றில் தண்ணீரை இறைத்துக் குறைத்திருப்பார்கள். படிவழியே நிலத்துக்கடியில் இறங்கி, அங்கிருக்கும் கல் மண்டபத்தைச் சாமி சுற்றி வரும். கூட்டம் சாமியைப் பார்க்கும். நான் கல்லைப் பார்ப்பேன். சின்ன வயசிலிருந்து அப்படித்தான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதே பழக்கம்.

ஏரி, சஞ்சீவிராயர் கோயில், நடவாவி எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்: விஜயநகர அரசர்களுக்குக் குருவாக இருந்த லட்சுமி குமார தாத்தாச்சாரியார். ஏரிக்குத் தாதசமுத்திரம் என்றே பெயர். வெட்டியவன் பெயரைக் கேட்டால் சிரிப்பார்கள். "வேலைக்காரனுக்குப் பேரு யாருப்பா எழுதி வப்பான்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் பெயர் எழுதப்படாமல் போனது மட்டும் அல்ல விஷயம். சில வேலைகளின் தடயத்தை அந்த வேலையே அழித்துவிடுகிறது. துளை போடுவது அப்படிப்பட்ட ஒரு வேலை.

துளைக் கருவியின் வரலாறு எப்போதும் சுற்றுகிற முனையின் வரலாறாகவே எழுதப்படுகிறது. முதலில் கல், பிறகு செம்பு, இரும்பு, வைரம், கடைசியில் மின்சாரம். சுற்றத் தொடங்கும் முன் முனை வழுக்காமலிருக்க இடப்படுகிற சின்னக் குழியும், முதல் சில நொடிகள் கருவியைப் பிடித்துக்கொண்டிருக்கிற கையும் இதில் வருவதில்லை. துளை சரியாக விழுந்துவிட்டால் அந்தக் குழியைத் துளை தின்றுவிடும். வேலை வெற்றி பெற்றால் சாட்சி அழிந்துவிடும் என்பது இதன் விதி. இந்த விதியைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

2

எங்களை ஊர் ஒட்டர் என்று கூப்பிடும். சான்றிதழ் போயர் என்று எழுதும். நைனா கிணறு வெட்டுகிறவர். மண் முடிந்து பாறை வந்ததும் அவருடைய வேலை தொடங்கும். பாறையில் வெடிமருந்து வைக்கப் போடும் துளைக்குத் 'தமர்' என்று பெயர். தச்சர்களிடமும் இந்தச் சொல் உண்டு. மரத்தில் துளையிடும் ஊசிக்குத் தமரூசி என்பார்கள்.

1976இல் எனக்குப் பதினோரு வயது. கம்பி பிடிக்க என்னை இறக்கினார்கள். நைனா பாறையைக் கொஞ்ச நேரம் தட்டித் தட்டிக் கேட்பார். இடம் தீர்மானமானதும் சிற்றுளியால் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு குழி கொத்துவார். கம்பியின் முனையை அதில் நிறுத்தி நான் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். அவரும் சித்தப்பாவும் மாறி மாறிச் சம்மட்டி போடுவார்கள். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் கம்பியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். கம்பியின் முனை உளி மாதிரி தட்டையானது. திருப்பாவிட்டால் ஒரே கோட்டில் அடி விழுந்து பள்ளம் நீளமாகும், கம்பி சிக்கிக்கொள்ளும். திருப்பினால்தான் வட்டம். ஆக, அந்தத் துளையை வட்டமாக்கியது சம்மட்டி அல்ல, பிடித்த கை.

"மொத நாலு அடி மெதுவா வுழும், அதுக்குள்ள கைய நெலப்படுத்திக்க" என்பார் நைனா. குழி ஆழமாகும்வரைதான் பயம். ஒரு விரற்கடை இறங்கிவிட்டால் துளையே கம்பிக்கு வழிகாட்டும். அதற்குப் பிறகு கம்பி எங்கும் ஓடாது.

தண்ணீரும் உண்டு. துளைக்குள் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவோம். சேறு தெறிக்காமலிருக்கக் கம்பியைச் சுற்றித் துணியை வளையமாக வைப்போம். கல்மாவு சேறாகி மேலே வரும். மிச்சத்தை நீளக் காம்புள்ள கரண்டிக் கம்பியால் வாரி எடுப்போம். தண்ணீர் ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் 'கம்பி நல்லா இறங்கும்' என்றுதான் நைனா சொல்லியிருப்பார். அது உண்மையும்கூட. இன்னொரு உண்மை பின்னால் வருகிறது.

இதைக் கைத்திறனின் புகழ்பாட்டாக யாரும் படிக்க வேண்டாம். பதினோரு வயசுப் பையனின் இரண்டு கைகளுக்கு நடுவே சம்மட்டி விழுந்துகொண்டிருந்தது. அடிக்கிறவர்களுக்குக் கூலி. எனக்குக் கூலி கிடையாது, 'சும்மா புடிச்சிக்கினு இருக்கிறவன்' என்பதுதான் கணக்கு. என் இடது கைச் சுண்டுவிரல் இன்றும் நேராக மடங்காது.

3

நொய்யல் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பேர் சொல்லும் ஊர். 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு தொடங்கியபோது பளிங்கு, பெரில், சூதுபவளம் என்று மணிகள் வந்தன. முடிந்த மணிகளோடு பாதி முடிந்தவையும், உடைந்தவையும், மூலக் கல்லும் கிடைத்தன. அதனால்தான் இது மணி வாங்கிய ஊர் மட்டுமல்ல, மணி செய்த ஊர் என்று சொல்ல முடிந்தது. அரசனின் கழுத்துக்குப் போன மணி தன்னைச் செய்த விதத்தைச் சொல்லாது. குப்பையில் கழித்துப் போட்ட மணிதான் சொல்லும்.

அத்தனை கடினமான கல்லில் எப்படித் துளை விழுந்தது? 1970களின் இறுதியில் பல் மருத்துவத் துறையைச் சேர்ந்த கோரெலிக், குவின்னெட் என்ற இருவர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பல்லுக்கு அச்சு எடுக்கும் சிலிக்கோனைப் பழைய மணிகளின் துளைக்குள் செலுத்தி, வெளியே எடுத்த அச்சை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கருவி போட்ட வரிகள் தெரிந்தன. இலங்கையில் கிடைத்த, பொ.ஆ. 700க்கும் 1000க்கும் இடைப்பட்ட மணிகளில் வைர முனையின் தடம் இருப்பதாக 1986இல் எழுதினார்கள். இந்தியாவிலிருந்து ரோம்வரை வைரத் துளைக் கருவியின் வரலாற்றை 1988இல் எழுதினார்கள். அருமையான ஆய்வு. ஆனால் இதிலும் தெரிவது முனைதான். சிலிக்கோனில் பதிவது சுற்றிய முனையின் வரி. துளையின் வாய் தின்ற குழி பெரும்பாலும் அதில் பதிய வழியில்லை.

அந்தக் குழியை உயிரோடு பார்க்கக் குஜராத்தின் கம்பாத்துக்குப் போக வேண்டும். அகேட், சூதுபவள மணித் தொழில் இன்றும் நடக்கும் ஊர். கெனோயர், விடாலே, பான் ஆகிய தொல்லியலாளர்கள் அங்கே உட்கார்ந்து வேலையைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். மணியை மரக் கிட்டியில் இறுக்குகிறார்கள். துளை விழ வேண்டிய இடத்தில் முதலில் ஒரு சிறு பள்ளம். பிறகு நுனியில் வைரத் துணுக்கு பதித்த கம்பியை அதில் நிறுத்தி, மேலே தேங்காய்ச் சிரட்டை மாதிரி ஒன்றால் அழுத்தி, வில்லை இழுக்கிறார்கள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது. பாதி தூரம் போனதும் மணியைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து துளை போடுகிறார்கள். ஒரே பக்கத்திலிருந்து போனால் முனை வெளியேறும் இடத்தில் கல் சிதறிவிடும். இரண்டு துளையும் நடுவில் சந்திக்க வேண்டும். இதற்கு அளவுகோல் கிடையாது. கண்தான் அளவுகோல்.

சிந்துவெளியில் வைரம் இல்லை. 'எர்னெஸ்டைட்' என்று இன்று அழைக்கப்படும் ஒரு கடினமான கல்லால் முனை செய்து நீளமான சூதுபவள மணிகளைத் துளைத்தார்கள். சானுதாரோவை அகழ்ந்த எர்னெஸ்ட் மக்கேயின் நினைவாக வைத்த பெயர் அது. மணிக்குச் சுமார் 2.5 மில்லிமீட்டர்தான் இறங்கும் என்று கெனோயர் சோதித்துச் சொன்னார். கல்லைக் கண்டவனின் பெயரும் இல்லை, துளைத்தவனின் பெயரும் இல்லை. தோண்டிய துரைக்குப் பெயர் கிடைத்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெயரிடும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதற்கு ஓர் அடையாளமாகச் சொல்கிறேன்.

4

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன். அங்கே முதல் பாடம் என்னைத் திடுக்கிட வைத்தது. இரும்புத் தகட்டில் கோடு கிழி, கோடுகள் வெட்டும் இடத்தில் சென்டர் பஞ்சை நிறுத்தி ஒரே அடி அடி, அந்தக் குழியில் டிரில் பிட்டை இறக்கு. நைனாவின் புளியங்கொட்டைக் குழிதான். இங்கே அது கடுகளவு.

ஏன் குழி வேண்டும் என்பதைப் பயிற்றுநர் விளக்கினார். 1863இல் அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் உரிமம் வாங்கிய முறுக்குப் பிட்டுதான் இன்றைய பிட்டுக்கெல்லாம் தாய். அதன் இரண்டு ஓர விளிம்புகள் இரும்பை வெட்டும். ஆனால் நட்டநடுவில் இருக்கிற குறுக்கு விளிம்பு வெட்டாது, இரும்பை நசுக்கித் தள்ளும். பிட்டின் மையத்தில் வேகம் ஏறக்குறைய இல்லை. வழவழப்பான தகட்டில் வைத்தால் அந்த நடுவிளிம்புக்குப் பிடிமானம் கிடைக்காது. பிட்டு 'ஓடும்'. குழி இருந்தால் நடுவிளிம்பு அதற்குள் உட்காரும், ஓர விளிம்புகள் வேலையை ஏற்கும். பெரிய துளை என்றால் முதலில் சின்ன பிட்டால் ஒரு துளை போடுவதும் இதற்காகத்தான். பெரிய பிட்டின் வெட்டாத நடுப்பகுதிக்கு அங்கே வேலை இல்லாமல் போகும்.

ஓடிய துளையைத் திருத்தவும் வழி உண்டு. பிட்டு கொஞ்சம் இறங்கியதும் நிறுத்திப் பார்க்க வேண்டும். கிழித்த வட்டத்துக்கு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால், எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் சிற்றுளியால் ஒரு வரி வெட்ட வேண்டும். பிட்டு அந்த வரியில் சறுக்கி மையத்துக்கு வரும். வழுக்கலை வைத்தே வழுக்கலைத் திருத்துவது. பிட்டின் முழு அகலமும் இறங்கிவிட்டால் பிறகு திருத்த முடியாது. தவறை ஒப்புக்கொள்ள ஒரு சிறு கால அவகாசம் மட்டுமே உண்டு.

பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் சேர்ந்தேன். அங்கே குழியும் இல்லை, கோடும் இல்லை. ஜிக் இருந்தது. தகட்டை ஜிக்குக்குள் வைத்து மூடினால் மேலே கடினப்படுத்திய எஃகு வளையம் இருக்கும். பிட்டு அந்த வளையத்தின் வழியாகத்தான் இறங்க முடியும். ஓட வழியே கிடையாது. நாள் முழுக்க நெம்புகோலை இறக்கி ஏற்றுவதுதான் வேலை.

ஒன்றோடொன்று மாற்றிப் பொருத்தக்கூடிய பாகங்களைத் துப்பாக்கிக்காகச் செய்தபோது இந்த முறை முதிர்ந்தது. 1820களில் அமெரிக்காவின் ஹார்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதச்சாலையில் ஜான் ஹால் இதைச் செய்துகாட்டினார். மாட்ஸ்லேயின் கடைசல் இயந்திரத்தில் வந்த நகரும் கருவிதாங்கியைப் பற்றி 'மூலதனம்' முதல் பாகத்தில் மார்க்ஸ் எழுதுகிறார். அது ஏதோ ஒரு கருவியின் இடத்தை அல்ல, கையின் இடத்தையே எடுத்துக்கொண்டது என்பது அவர் கருத்து. ஜிக்கும் அப்படித்தான். எங்கே துளை விழ வேண்டும் என்ற தீர்மானம் டூல்ரூமுக்குப் போய்விட்டது. சிந்திப்பதும் செய்வதும் பிரிக்கப்படுவதை 1974இல் பிரேவர்மன் விரிவாக எழுதினார். அவரைப் பின்னால்தான் படித்தேன். படித்தபோது என் உள்ளங்கை நினைவுக்கு வந்தது.

ஆனால் பட்டறையில் யாருடைய சுண்டுவிரலும் சம்மட்டிக்கு அடியில் இல்லை. இதையும் சொல்லியாக வேண்டும். கையை விடுவித்ததும் கையின் அறிவைப் பறித்ததும் ஒரே வளையம்தான். இதில் ஒன்றை மட்டும் எழுதுவது அரை உண்மை.

5

அதே எண்பதுகளில் நைனாவிடம் கம்ப்ரஸர் வந்தது. டிராக்டரில் பூட்டிய கம்ப்ரஸர், கையில் ஜாக்ஹாமர். கிணற்று வேலை குறைந்து குவாரி வேலை கூடியது. உத்திரமேரூர் பக்கத்துக் குவாரிகளுக்குப் போவார். கம்பியை இயந்திரமே திருப்பும். பையன் பிடிக்கத் தேவையில்லை. ஆனால் தொடக்கம்? தொடக்கத்தில் முனை பாறைமேல் துள்ளும். அப்போது இன்னொரு ஆள் வெறுங்காலால் முனைக்கு அண்டைகொடுப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இயந்திரம் வந்தும் அந்த முதல் நொடியை மனித உடம்புதான் தாங்கியது. கைக்குப் பதில் கால்.

போனது தண்ணீர். கையால் அடித்த தமரில் தண்ணீர் இருந்தது. ஜாக்ஹாமர் காற்றை ஊதிக் கல்மாவை வெளியே தள்ளும், தண்ணீர் தேவையில்லை. மாலையில் நைனா வெள்ளையாக வருவார், புருவம்கூட வெள்ளை.

இது உலகத்துக்குப் புதிதல்ல. 1890களின் இறுதியில் லெய்னர் என்பவர் உள்ளீடற்ற கம்பி வழியே காற்றை ஊதும் துளைப்பானைக் கொண்டுவந்தார். தூசி தாங்க முடியாமல் போனதும் காற்றோடு தண்ணீரையும் செலுத்த ஏற்பாடு செய்தார். காய்ந்த துளைப்பானுக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் 'விதவை செய்யும் கருவி'. மருந்து அப்போதே தெரியும். தெரிந்தும் 1930–31இல் மேற்கு வர்ஜீனியாவின் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கத்தில் தண்ணீர் இல்லாமல் துளைத்தார்கள். சிலிக்கா நிறைந்த பாறை. தொழிலாளிகளில் பெரும்பாலோர் கறுப்பர்கள். இறந்தவர் 476 என்றது அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை. பின்னால் வந்த செர்னியாக்கின் ஆய்வு 764 என்றது. தண்ணீர் ஊற்றினால் வேலை மெதுவாகும், அவ்வளவுதான் காரணம்.

கம்பாத்திலும் இதே கதை. துளைக்கிற இடத்தில் தண்ணீர் சொட்டுகிறது. சாணைச் சக்கரத்தில் காய்ந்த கல்லைத் தீட்டுகிறவர்களுக்குத்தான் நோய் அதிகம். அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் அதைப் பதிவு செய்திருக்கிறது.

நைனாவுக்கு இருமல் வந்தபோது டி.பி. என்று எழுதினார்கள். மாத்திரை கொடுத்தார்கள். முடித்தார், திரும்பவும் கொடுத்தார்கள். என்ன வேலை என்று எந்தச் சீட்டிலும் எழுதவில்லை. நுரையீரலில் கல்தூசி போட்ட தழும்பு ஆறாது. தழும்பிருக்கும் நுரையீரலில் டி.பி.யும் சுலபமாக ஏறும். அதனால் டி.பி. என்று எழுதுவது முழுப் பொய்யாகவும் இருக்காது. ஆனால் தழும்பை அது மறைத்துவிடும். துளை குழியைத் தின்பது மாதிரி ஒரு நோய் இன்னொன்றைத் தின்றுவிடுகிறது. 1948இன் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. அறிவிக்க ஒரு வருகைப் பதிவேடு வேண்டும். நைனாவின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

1994இல் போய்ச் சேர்ந்தார்.

6

என் தங்கை மகன் ஒரகடத்தில் சி.என்.சி. இயந்திரம் ஓட்டுகிறான். ஒரு நாள் எனக்கு அதை விளக்கினான். "மாமா, மொதல்ல ஸ்பாட் டிரில் வந்து குட்டியா ஒரு பள்ளம் போட்டுட்டுப் போயிடும். அப்புறந்தான் மெயின் பிட்டு வரும். இல்லன்னா ஓடிடும்." ஆயிரக்கணக்கான ஆண்டு தாண்டியும் அந்தக் குழி அங்கேயே இருக்கிறது. அதைப் போட ஆள்தான் இல்லை.

நுட்பத்தின் வரலாற்றை எழுதும் நண்பர்கள் உடைந்த மணியையும், ஓடிப்போன துளையையும், கழித்துப் போட்ட தகட்டையும் தேட வேண்டும். அங்கேதான் குழி மிச்சமிருக்கும். குவாரிக்குப் போகும் தோழர்கள் கூலி எவ்வளவு என்பதோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும். தமருக்குத் தண்ணீர் விடுகிறார்களா? முதல் நொடியில் கம்பியைப் பிடிக்கிறவர் யார்? பதிலை ஊர், தேதி, பெயரோடு எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள்கூட இல்லை.